கண் வழுக்கிய இடம்

சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுக் காட்டிய பிறகும் டாக்டர் ஹெப்சிபாவுக்கு அங்கே ஒன்றும் தெரியவில்லை.

பாளையங்கோட்டைப் பரிசோதனை மையத்தில் அவர் மேசைக்கு எதிரே கோமதி உட்கார்ந்திருந்தாள். தென்காசிப் பக்கம் ஒரு பள்ளியில் வேதியியல் எடுப்பவள். பல நாளாகத் தூங்காத முகம். அவளுடைய அம்மா அருணாசலவடிவுக்கு மார்பில் புற்று. கண்டுபிடித்தபோது அக்குள் வரை பரவிவிட்டிருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த ஊருக்குப் பரிசோதனை வண்டி வந்தபோது அம்மாவும் வரிசையில் நின்று மார்பை எக்ஸ்ரே படம் எடுத்துக்கொண்டவர்தான். மூன்றாம் நாள் ‘குறை எதுவும் இல்லை’ என்று செல்போனுக்குத் தகவல் வந்தது. அந்தப் பழைய படத்தை இப்போது மதுரையில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, வட்டம் போட்டுக் கொடுத்திருந்தார்.

"அப்பவே இருந்திருக்கு டாக்டர். இன்னா, இங்கன. அப்பவே சொல்லியிருந்தீங்கன்னா எங்க அம்மா இவ்வளவு பாடுபட வேண்டாம்."

ஹெப்சிபா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பஞ்சைப் பிரித்துப் பரப்பியது போலச் சாம்பல் நிறத்தில் திசு. வட்டத்துக்குள்ளும் அதே பஞ்சுதான். முப்பத்தோரு வருடம் இந்த மாதிரிப் படங்களையே பார்த்துப் பழகிய கண் அவருடையது.

"ரொம்ப நுட்பமா இருக்கும்மா. அன்னைக்கு யார் பாத்திருந்தாலும் சொல்றது கஷ்டம்தான்."

சொல்லும்போது அதை அவர் முழுமனதாக நம்பினார்.

"யாரு பாத்தது? அந்தப் பேரையாவது சொல்லுங்க."

படத்தின் மூலையிலேயே பெயர் இருந்தது. பிரம்மசக்தி. இந்த மையத்தில் படம் படிக்க முதல் அணியில் பயிற்சி எடுத்தவள். இங்கிருப்பவர்களிலேயே கவனமானவள் என்று பேர் வாங்கியவள். ஹெப்சிபா பெயரைச் சொல்லவில்லை. விசாரித்துச் சொல்வதாக மட்டும் சொல்லி கோமதியை அனுப்பிவைத்தார்.

அவள் போன கொஞ்ச நேரத்தில் நிஜாமுதீன் ஏதோ கையெழுத்துக்காக உள்ளே வந்தான். மேலப்பாளையத்துக்காரன், பொறியாளன். மையத்தில் படம் பார்க்கக் கற்றுக்கொடுக்கும் தொப்பியை அவரோடு சேர்ந்து உருவாக்கியவன் அவன்தான்.

"நிஜாம், இந்த வட்டத்துக்குள்ள உனக்கு ஏதாவது தெரியுதா?"

"நான் என்னத்தக் கண்டேன் மேடம்" என்று சிரித்துக்கொண்டே குனிந்தான். குனிந்தவன் சிரிப்பை நிறுத்தினான். "கோடு எல்லாம் ஒரே எடத்துக்கு இழுத்துக்கிட்டு நிக்குதே. சட்டையில முள்ளு மாட்டி இழுத்தா சுத்தி சுருங்குமே, அப்படி."

அது எதுவென்று ஹெப்சிபாவுக்கு உடனே புரிந்தது. கட்டி உருண்டையாகத் தெரியாமல், சுற்றியுள்ள நார்களை மட்டும் ஒரு புள்ளிக்கு இழுத்து வைத்திருக்கும் வகைப் புற்று அது. மருத்துவக் கல்லூரியில் பாடம் எடுத்த காலத்தில் இதற்கென்றே ஒரு வகுப்பு வைத்தவர் அவர். அவருடைய மாணவர்கள் இன்றைக்கும் அதை நொடியில் கண்டுபிடிப்பார்கள்.

"எங்க?"

"இன்னா, என் விரல் இருக்கிற எடம்."

அவன் நகம் தெரிந்தது. நகத்துக்குக் கீழே பார்க்க முயன்றால் பார்வை ஈரத் தரையில் கால் வைத்தது போல வழுக்கிக்கொண்டு ஓரத்துக்குப் போனது. மூன்று தடவை முயன்றார். நிஜாமுதீன் படத்தை விட்டுவிட்டு அவர் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டான்.

தெரிந்தது. முதல் வருட மாணவிகூடச் சொல்லிவிடும் அளவுக்குப் பளிச்சென்று தெரிந்தது. அவன் நேராக்கினான். மறைந்துவிட்டது.

நிஜாமுதீன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"தொப்பியில இருக்கிறது உங்க கண்ணுதான மேடம்" என்றான் தணிந்த குரலில். "உங்களுக்குத் தெரியலன்னா, அதுல படிச்ச இருநூத்திப் பதினாறு பேருக்கும் தெரியாது."

தொப்பி வருவதற்கு முன் நான்கு மாவட்டத்துக்கும் சேர்த்து இந்தப் படங்களைப் படிக்கத் தெரிந்தவர்கள் ஐந்து பேர்தான் இருந்தார்கள். படங்கள் மாதக்கணக்கில் குவிந்து கிடக்கும். முடிவு போய்ச் சேரும்போது சில வீடுகளில் படத்துக்குரியவள் இருக்க மாட்டாள். ஹெப்சிபாவின் கண்ணை அப்படியே மற்றவர்களுக்குக் கொடுக்க முடிந்தால் என்ன என்ற கேள்வியில் பிறந்ததுதான் தொப்பி. அவர் பன்னிரண்டாயிரம் படங்களைப் பார்த்தார். பார்க்கும்போது அவர் மூளை எப்படி எப்படி மாறுகிறது என்று நிஜாமுதீன் பதிந்துகொண்டான். பயிற்சிக்கு வருகிற பெண் அந்தத் தொப்பியை மாட்டிக்கொண்டு திரையில் ஒரு சாம்பல் வட்டத்தைப் பார்த்தபடி உட்கார வேண்டும். ‘வட்டத்தைப் பெரிதாக்கு’ என்று மட்டும் சொல்வார்கள். எப்படி என்று கேட்டால் ‘எப்படியாவது’ என்பார்கள். அவளுடைய மூளை தற்செயலாக ஹெப்சிபாவின் மூளை போன வழியில் போனால் வட்டம் கொஞ்சம் பெரிதாகும். அந்தச் சின்ன சந்தோஷத்துக்காக மூளை மறுபடி அதே வழியைத் தேடும். இருபது நாளில், தான் என்ன கற்றோம் என்றே தெரியாமல் அவள் கற்று முடித்திருப்பாள். பிறகு படத்தைக் காட்டினால், ‘இங்க ஏதோ சரியில்ல’ என்று விரலை வைப்பாள். காரணம் சொல்லத் தெரியாது. ஆனால் சரியாக இருக்கும். ஐந்து வருடத்தில் எத்தனையோ ஆயிரம் பெண்களை அந்த விரல்கள் காப்பாற்றியிருந்தன.

அன்று பிற்பகலே பத்துப் பேரைக் கூப்பிட்டு, காரணம் சொல்லாமல், மற்ற படங்களோடு இதையும் கலந்து காட்டினார்கள். பத்துப் பேரும் ‘குறை இல்லை’ என்றார்கள்.

மறுநாள் காலை நிஜாமுதீன் பழைய பதிவுகளையெல்லாம் எடுத்துப் பரப்பிக்கொண்டு வந்தான்.

"கண்ணுல ஒரு கோளாறும் இல்ல மேடம். நாம பாக்கிறதுல கண்ணோட பங்கு பாதிதான். எதைத் தேடணும், எதை விட்டுடணும்னு முன்னாடி பட்டதை வச்சு மூளைதான் முடிவு பண்ணுது. இங்க பாருங்க. இந்த மாதிரிப் படம் வந்ததும் ‘கண்டுபிடிச்சாச்சு’ங்கிற அடையாளம் எழும்புது. கால் செகண்டுல வேற ஒண்ணு வந்து அதை அமுக்கிடுது. ஒவ்வொரு தடவையும்."

"அப்படின்னா?"

"தெரியாம விட்டதா இருந்தா அடையாளமே எழும்பியிருக்காது. இது தெரிஞ்சுது. தெரிஞ்சதைப் பாக்கக் கூடாதுன்னு மூளை ஒரு பாடம் படிச்சு வச்சிருக்கு. தொப்பி அந்தப் பாடத்தையும் சேத்தே சொல்லிக் குடுத்திருக்கு." அவன் சற்றுத் தயங்கினான். "பதிவு எடுக்கிறதுக்கு முன்னாடி, இந்த மாதிரிப் படம் ஏதாவது ஒண்ணுல உங்க மனசு ரொம்ப அடிபட்டுச்சா?"

"ஞாபகம் இல்ல நிஜாம்" என்றார் ஹெப்சிபா.

ஞாபகம் இருந்தது. ஒன்பது வருடத்துக்கு முந்தைய ஒரு சனிக்கிழமை. ரூபி மதினி, அவர் கணவர் ஞானசிகாமணியின் அக்கா, பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தாய் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். அந்த உரிமையில் தம்பி வீட்டில் எதையும் பேசுவார். அன்று காலைச் சாப்பாட்டு மேசையில், பிள்ளை இல்லாத வீட்டில் பெண்ணுக்கு அப்படி என்ன ஓயாத வேலை என்று கேட்டார். தம்பி தலையைக் குனிந்துகொண்டு இட்லியைப் பிட்டார். ஹெப்சிபா எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். அன்றைக்கு மதினிக்கும் வருடாந்தரப் படம் எடுக்கும் முறை. கடைசியாக வந்த படம் அதுதான்.

பன்னிரண்டு நொடி பார்த்தார். இடது மார்பில், மேல் பக்கம், நார்கள் ஒரு புள்ளிக்கு இழுபட்டது போல ஏதோ ஒன்று கண்ணில் இடறியது. மறுபடி கூப்பிட்டு வேறு கோணத்தில் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். கூப்பிட்டால் அந்த முகத்தை இன்னொரு தடவை பார்க்க வேண்டும், திங்கட்கிழமையே. ‘அடுத்த வருசம் பாத்துக்கலாம்’ என்று நினைத்தார். ‘குறை இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த படம் எடுக்கும் முன்பே, பதினொரு மாதத்தில், அது கையில் தட்டுப்படும் கட்டியாக வந்தது. அன்று ஹெப்சிபா பழைய படத்தைத் தனியாகத் திறந்து ஒரே ஒரு தடவை பார்த்தார். பிறகு திறக்கவே இல்லை. வேறு யாரும் அதைக் கேட்கவும் இல்லை. வேகமாக வந்துவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். மதினி சாகும்வரை ஒரு வருடம், மருந்து கொடுப்பதும் உடம்பு துடைப்பதும் ஹெப்சிபாதான். ‘நீ இல்லன்னா நான் எப்பமோ போயிருப்பேன்’ என்று மதினி அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அதற்கும் ஹெப்சிபா வாய் திறக்கவில்லை. மதினி போய் ஒரு வருடத்தில்தான் தொப்பிக்காக அவர் கண்ணைப் பதிந்தார்கள்.

கோமதி கொடுத்த புகார் மேலே போனது. செய்தி வெளியே வருவதற்குள் யார்மீதாவது நடவடிக்கை எடுத்தாக வேண்டும் என்று மையத்தின் இயக்குநர் துடித்தார். பிரம்மசக்தியை வேலையிலிருந்து நிறுத்திவைக்கும் உத்தரவில், ‘பணியாளரின் கவனக்குறைவாக இருக்கலாம்’ என்ற வரிக்குக் கீழே ஹெப்சிபாவின் கையெழுத்து தேவைப்பட்டது. போட்டார். நிஜாமுதீனிடம், இன்னும் சோதித்துப் பார்த்துவிட்டு வெளியே சொல்லலாம், ஒரு வாரம் பொறு என்றார். அவன் மறுத்துப் பேசவில்லை. ஆனால் அதன் பிறகு அவர் அறைக்குள் வந்தால் நாற்காலியில் உட்காருவதை விட்டுவிட்டான்.

ஆறு நாள் போயிற்று. அந்த ஆறு நாளும் மற்றவர்கள் படம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஹெப்சிபா கூடத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம், வரிசையாக ஒளிரும் திரைகளில் எத்தனையாவது படத்தில் அது இப்போது வழுக்கிக்கொண்டு போகிறதோ என்று நினைத்தார். நினைத்துக்கொண்டே தாண்டிப் போனார். வீட்டில் சாப்பாட்டுத் தட்டை அப்படியே தள்ளிவைத்தார். என்ன ஆச்சு என்று ஞானசிகாமணி கேட்டதற்கு, வெயில் என்றார்.

ஏழாம் நாள் முற்பகலில் பிரம்மசக்தி அடையாள அட்டையையும் அலமாரிச் சாவியையும் ஒப்படைக்க வந்தாள். முப்பத்திரண்டு வயது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டுப் பீடி சுற்றிக்கொண்டிருந்தவள், விளம்பரம் பார்த்துப் பயிற்சிக்கு வந்தாள்.

"உக்காரு பிரம்மசக்தி."

"இருக்கட்டும் டாக்டர். ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போயிருதேன். நான் கவனம் இல்லாம பாத்தேன்னு எழுதியிருக்கு. நான் அப்படிப் பாக்கல. அந்தப் படம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"ரெண்டு வருசத்துக்கு முன்னாடி பாத்த படமா? ஒரு நாளைக்கு எத்தன படம் பாக்கே."

"அந்த மாதிரிப் படம் மட்டும் மறக்காது டாக்டர். அது வந்தா நெஞ்சு கனக்கும்ல."

ஹெப்சிபா சாவியை மேசைமேல் வைத்தார். "எப்படிக் கனக்கும்?"

பிரம்மசக்தி, அவர் ஏன் தெரியாதவர் மாதிரிக் கேட்கிறார் என்பது போலப் பார்த்தாள். "ஏதோ தப்பு செஞ்சிட்டு மறைச்சு வச்சிருக்கோமே, அது மாதிரி. எங்க அம்மா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப மூணு தடவ போன் அடிச்சாங்க. பீடி எண்ணிக் குடுக்கிற நேரம்னு நான் எடுக்கல. மறுநாள் போயிட்டாங்க. அந்த மாதிரிப் படம் வந்தா அந்த போன் அடிக்கிற சத்தம் கேக்கும். சட்டுனு அடுத்த படத்துக்குத் தாண்டிட்டா நின்னுரும். எல்லாருக்கும் உள்ளதுதான, வேலையில இதெல்லாம் இருக்கும்னு நெனச்சேன்."

"மத்தவங்களுக்குமா?"

"சாப்பிடும்போது பேசிக்கிடுவோம். லூர்து மேரிக்கு அவ தங்கச்சி ஞாபகம் வரும். சண்ட போட்டுப் பேசாமயே இருந்துட்டாளாம். ஆவுடைக்கு அவ கலைச்ச புள்ள. ராபியாவுக்கு மட்டும் எதுன்னே தெரியல, சும்மா கண்ணு கலங்கும். பாவம், அவ யாருக்கும் ஒரு கெடுதலும் பண்ணல டாக்டர். எங்களோட சேந்து தேடிப் பாத்தா, அவளுக்கு ஒண்ணும் கெடைக்கல."

ஹெப்சிபா எழுந்து ஜன்னல் பக்கம் போனார். வெளியே பரிசோதனை வண்டி ஒன்று கிளம்பிக்கொண்டிருந்தது. அது கண்ணிலிருந்து மறையும்வரை நின்றார். இத்தனை நாளும் கண் ஒன்றுதான் அவர்களுக்குப் போயிருக்கிறது என்று நினைத்திருந்தார். தாம் யாரிடமும் சொல்லாத ஒன்று இருநூற்றுப் பதினாறு பெண்களின் நெஞ்சில் போய் உட்கார்ந்திருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் அவரவர் தம் வாழ்க்கையைத் துழாவி, அகப்பட்ட தப்பை எடுத்து அதற்குப் பெயராக வைத்திருக்கிறார்கள்.

"அது உன்னோடது இல்ல பிரம்மசக்தி" என்றார் திரும்பாமலே. "என்னோடது."

எல்லாவற்றையும் சொன்னார். இட்லி, சனிக்கிழமை, பன்னிரண்டு நொடி. ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக ஒரு மனுஷியிடம் சொன்னார். சொல்லி முடித்துத் திரும்பியபோது பிரம்மசக்தி உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் ஆறுதலின் சாயலே இல்லை.

"அப்ப அஞ்சு வருசமா நான் எங்க அம்மாவ நெனச்சு அழுதது?"

ஹெப்சிபா அவள் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"போன் எடுக்காதது எனக்கு வருத்தம்தான். ஆனா அவ்வளவு பெரிய பாவமா அது முன்னாடி இல்ல டாக்டர். நான்தான் கொன்னுட்டேன்னு நெனக்கிற அளவுக்கு இல்ல. அதை அப்படி ஆக்குனது நீங்க. கையெழுத்தும் நீங்கதான் போட்டீங்க."

"ஆமா."

பிறகு பிரம்மசக்தி மேசைமேல் இருந்த தன் அட்டையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "இதுவரைக்கும் பாத்த படமெல்லாம் என்ன செய்யப் போறீங்க?"

"திருப்பிப் போட்டா எனக்குத் தெரியுது. ஆனா தொப்பியில படிச்சவங்களுக்குத் திருப்பிப் போட்டா படமே புரியாதுங்கான் நிஜாம். நான் ஒருத்தி பாக்கணும். வேற ஊரு டாக்டர்கள்ட்ட கேக்கணும். ஆறு லட்சம் படம்."

"அதுக்குள்ள எத்தன பேரு செத்துருவாங்க?" அவள் எழுந்தாள். "எங்களுக்குத் தெரியலன்னா என்ன, கனக்குதுல்ல. கனக்கிற படத்தையெல்லாம் தாண்டிப் போகாம எடுத்து வைக்கோம். நீங்க அதை மட்டும் பாருங்க."

அன்று மாலை இயக்குநர் அறையில் ஹெப்சிபா எல்லார் முன்னிலையிலும் அந்தக் குருட்டு இடம் தம்முடையது என்று சொன்னார். பிரம்மசக்தி மீதான உத்தரவைக் கிழிக்கச் சொன்னார். எப்படி வந்தது என்று கேட்டதற்கு, தாம் தவறாகப் படித்த ஒரு பழைய படம் என்று மட்டும் சொன்னார். யாருடைய படம் என்று சொல்லவில்லை. இயக்குநர் கத்தினார், பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார். புதிய படங்களை நிறுத்திவிட்டுப் பழையவற்றைத் திரும்பப் பார்க்க ஒரு மாதம் அனுமதி கிடைத்தது.

அந்த மாதத்தை மையத்தில் இருந்த யாரும் மறக்கப் போவதில்லை. முன்பு நெஞ்சு கனத்தால் தாண்டிப் போனவர்கள் இப்போது அதற்காகவே காத்திருந்தார்கள். கனத்தவுடன் நிறுத்தி, கனம் எந்த இடத்தில் கூடுகிறது என்று படத்தில் கண்ணை மெல்ல நகர்த்தி, குறி வைத்தார்கள். அரை மணிக்கு ஒருத்தியாவது எழுந்து வெளியே போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். காரணம் தெரிந்ததால் கனம் குறையவில்லை. ஆவுடை இரண்டாம் வாரம் வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் புருஷன் வந்து, இனி அனுப்ப மாட்டேன், வீட்டில் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருக்கிறாள் என்று சொல்லிவிட்டுப் போனான். ராபியா மட்டும், ‘எனக்குத் தேட வேற ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சதே போதும்’ என்று மற்ற எல்லாரையும்விட அதிகப் படங்களைப் பார்த்தாள்.

அவர்கள் எடுத்து வைத்தவற்றை ஹெப்சிபா தலைகீழாகப் போட்டுப் பார்த்தார். கடைசியில் நூற்று முப்பத்தேழு பேரைத் திரும்பக் கூப்பிட வேண்டியிருந்தது. பாதிப் பேருக்கு இன்னும் நேரம் இருந்தது. பதினொரு பேர் வீட்டில் தொலைபேசியை வேறு யாரோ எடுத்து, அவர் இல்லை என்றார்கள். அந்தப் பதினொரு எண்ணையும் கூப்பிட்டது ஹெப்சிபாதான். வேறு யாரையும் கூப்பிட விடவில்லை.

அதற்குள் நிஜாமுதீன் மாற்று ஏற்பாடு ஒன்றைத் தயார் செய்திருந்தான். அதே தொப்பி, அதே சாம்பல் வட்டம். அமுக்குகிற அந்தக் கால் நொடி வராதபோது மட்டும் இப்போது வட்டம் பெரிதாகும். பத்து நாளில் பெண்களுக்குப் பார்வை திரும்பியது, கனம் போயிற்று. சாப்பாட்டுக் கூடத்தில் மறுபடி சத்தம் கேட்டது. வீட்டுக்குப் போயிருந்த ஆவுடையையும் அழைத்துவந்து சரி செய்தார்கள். அவள் தூங்கி எழுந்தவள் மாதிரி இருக்கிறது என்றாள்.

பிரம்மசக்திக்கு மட்டும் போகவில்லை.

நிஜாமுதீன் இரண்டு தடவை சோதித்தான். "பதிவு சுத்தமா இருக்கு மேடம். பார்வையும் வந்துடுச்சு. தொப்பி குடுத்தது எதுவும் அவகிட்ட மிச்சம் இல்ல."

"பின்னே?"

"அது அவளே சொல்லுதா, கேளுங்க."

பிரம்மசக்தி கூடத்தின் கோடியில் தன் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவர் வருவதைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

"போன் சத்தம் நின்னுட்டு டாக்டர். அம்மா இப்ப சாதாரணமா ஞாபகம் வாராங்க. இது வேற. இது அந்த அருணாசலவடிவு அம்மா. என்ன இருந்தாலும் ‘இல்லை’ன்னு அமுக்குனது என் விரல்தான. போன வாரம் அவுக வீட்டுக்குப் போயிட்டு வந்தேன்."

"நீயா? எதுக்கு? தப்பு உன்னோடது இல்லன்னு—"

"அதையும் சொன்னேன். ஆனா நான்தான் பாத்தேன்னு முதல்ல சொன்னேன். வாசல்லயே நிக்க வச்சுத் திட்டுனாங்க. முடியெல்லாம் கொட்டிட்டு அவுகளுக்கு. திட்டி மூச்சு வாங்கிட்டு, உள்ள மருந்து வாடை கொமட்டுது, அந்த ஜன்னலத் தெறந்து வைன்னாங்க. தெறந்து வச்சேன். வேற ஒண்ணும் பேசல. நாளைக்கும் போவேன்." அவள் திரையை அணைத்தாள். "உங்களுக்கு எப்ப தொப்பி?"

"வெள்ளிக்கிழமை."

"சரி" என்றாள். அந்தச் சொல்லில் ஏச்சு எதுவும் இல்லை. ஏச்சு இருந்திருந்தால் தேவலை என்று ஹெப்சிபாவுக்குத் தோன்றியது.

வியாழக்கிழமை நிஜாமுதீனிடம் கேட்டார். "நாளைக்கு முடிஞ்சதும் அந்தப் பழைய படத்தைப் பாத்தா எனக்கு எப்படி இருக்கும்?"

"நல்லாத் தெரியும் மேடம்."

"வலிக்குமா?"

"நடந்தது எல்லாம் ஞாபகம் இருக்கும். வலி..." அவன் நேர்மையாகவே சொன்னான். "மத்தவங்களுக்கு இருந்தது தொப்பி குடுத்தது, அது போயிருச்சு; பிரம்மசக்திக்கு இப்ப இருக்கிறது அவளோடதே. ஆனா மூலமே உங்ககிட்டதான் இருக்கு. உங்ககிட்ட எது எவ்வளவு போகும்னு எனக்குச் சொல்லத் தெரியல. பெரும்பாலும் போயிரும்."

ஹெப்சிபா நான்கு மணிக்கே வீட்டுக்குக் கிளம்பினார்.

ஞானசிகாமணி கட்டில்மேல் துவைத்த துணிகளைக் குவித்துப் போட்டுக்கொண்டு மடித்துக்கொண்டிருந்தார். கல்லூரியில் இயற்பியல் எடுத்து ஓய்வு பெற்றவர்; சட்டைக் கையை மடிப்பதில்கூட அளவு பார்ப்பவர். சீக்கிரம் வந்துவிட்டாயே என்றார். ஹெப்சிபா கட்டிலின் மறு ஓரத்தில் உட்கார்ந்து, கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல், சொல்ல ஆரம்பித்தார்.

முதலில் அவர் மடித்துக்கொண்டே கேட்டார். ‘ரூபி மதினி’ என்ற பெயர் வந்தபோது ஒரு துண்டைப் பாதி மடித்தபடி நிறுத்தினார். அதை மடியில் வைத்துக்கொண்டே மீதி முழுவதையும் கேட்டார். ஹெப்சிபா எதையும் குறைத்துச் சொல்லவில்லை. களைப்பு என்றோ கடைசிப் படம் என்றோ சாக்கு சேர்க்கவும் இல்லை. திங்கட்கிழமை அந்த முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்பதை அதே வார்த்தையில் சொன்னார்.

"அன்னைக்கு நான் ஒண்ணும் பேசாம இட்லி தின்னுட்டிருந்தேன்" என்றார் ஞானசிகாமணி.

"அது வேற. அதை இதோட சேக்காதீங்க."

தெருவில் பள்ளிக்கூட வேன் வந்து நின்று, பிள்ளைகள் இறங்கி, மறுபடி கிளம்பிப் போயிற்று.

"ஒம்பது வருசம் சொல்லல. இன்னைக்கு ஏன் சொல்லுதே?"

"நாளைக்கு எனக்குச் சரி பண்ணிருவாங்க. அப்புறம் இது ஒரு தகவல் மாதிரி ஆயிரும். அப்பச் சொன்னா உங்களுக்குத் தகவல் சொன்ன மாதிரிதான் இருக்கும்."

"அந்தப் படம் இருக்கா?"

இருந்தது. ஹெப்சிபா மடிக்கணினியைத் திறந்தார். கடவுச்சொல்லை இரண்டு தடவை தப்பாக அடித்தார். படம் வந்தது. மூலையில் பெயர், வயது, அந்தச் சனிக்கிழமையின் தேதி, கீழே அவருடைய கையெழுத்து. ஞானசிகாமணி துண்டைக் கட்டிலில் வைத்துவிட்டு அவர் பக்கம் வந்து நின்றார். அக்காவின் பெயரை வாய்க்குள் ஒருமுறை படித்தார்.

"எங்க இருந்துச்சு?"

திருப்பிப் போட்டால் உடனே காட்டிவிடலாம். ஹெப்சிபாவின் விரல் அந்த விசை வரைக்கும் போயிற்று. ஆனால் அவர் படத்தைத் திருப்பவில்லை. நேராகவே பார்த்தார். பார்வை வழுக்கியது. மறுபடி கொண்டுவந்தார், மறுபடி ஓரத்துக்குப் போனது. அவர் கண்ணை நம்புவதை விட்டுவிட்டு, விரலைத் திரைமேல் வைத்து மேலிருந்து கீழாக, மெதுவாக, பிரம்மசக்தியும் மற்றவர்களும் ஒரு மாதம் செய்தது போல நகர்த்தினார். ஒரு இடத்தில் நெஞ்சு கனக்க ஆரம்பித்தது. விரலைக் கொஞ்சம் இடப்பக்கம் கொண்டுபோனார். கனம் கூடியது. இன்னும் கொஞ்சம். அதற்குமேல் விரல் நகரவில்லை.

"இங்க" என்றார்.

ஞானசிகாமணி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். ஹெப்சிபாவின் விரலை விலக்கச் சொல்லிவிட்டு, அந்த இடத்தையே நெடுநேரம் பார்த்தார்.

"ஆமா" என்றார். "தெரியுது."